ஃபயர்ஃபாக்ஸா, பிரேவா? செட்டிங்ஸ் பக்கமே போகாதவருக்கு எது?

என் அக்கா உலாவியில் (பிரவுசரில்) பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து, ஒரு கடையின் தளத்தில் தன் கணக்கில் நுழைந்து மெத்தை பார்த்திருக்கிறாள். மறுநாள் முதல் போகிற இடமெல்லாம் மெத்தை விளம்பரம். "பிரைவேட்லதானேடா பார்த்தேன், அப்புறம் எப்படி?" என்று கேட்டாள்.

அந்த விண்டோ மறைப்பது அதே கணினியைத் தொடும் அடுத்த ஆளிடமிருந்து மட்டும்தான். மூடியதும் வரலாறும், தளங்கள் உலாவியில் வைத்துவிட்டுப் போகும் குக்கிகள் என்ற சிறு குறிப்புகளும் அழியும், அவ்வளவே. நீங்கள் செய்வது தளத்துக்குத் தெரியும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய சேவை தருபவருக்கும் தெரியும். குரோமில் இதே விண்டோவுக்குப் பெயர் இன்காக்னிட்டோ. அந்த விஷயத்தில் கூகுள் மீது 2020இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2024இல் சமரசமாகி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோவைத் திறந்ததும் வரும் எச்சரிக்கை வாசகமும் மாறியது.

சரி, அக்காவுக்கு எந்த உலாவியைப் போட்டுக் கொடுப்பது? என் அளவுகோல் ஒன்றுதான்: நிறுவிய கையோடு ஒரு பொத்தானையும் தொடாமல் விட்டால் அது என்ன செய்கிறது? பெரும்பாலானவர்கள் செட்டிங்ஸ் பக்கம் ஒருநாளும் போவதில்லை.

இந்த அளவுகோலில் முதலில் விழுவது குரோம். குக்கி என்பது 1994இல் நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவி நிறுவனத்தில் லூ மொன்டூலி உருவாக்கியது. வந்தவர் யார் என்று ஒரு தளம் நினைவில் வைத்துக்கொள்ள உதவுவது. சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கியில். நீங்கள் திறந்தது ஒரு செய்தித் தளம். அதற்குள் உட்கார்ந்திருக்கும் விளம்பர நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குக்கி வைக்கும். அடுத்த தளத்திலும் அதே நிறுவனம் இருந்தால், வந்தவர் அதே ஆள் என்று அதற்குப் புரிந்துவிடும். இவற்றை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்தின் உலாவி விளம்பரத்தை எதிர்த்து எவ்வளவு தூரம் போகும்? குரோமை விட முடியாதவர்கள் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடுக்கும் தேர்வையாவது போட்டுவிடுங்கள். இதையே சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து யாரும் கேட்காமலே செய்கிறது. ஆப்பிள் கருவி மட்டுமே வைத்திருப்பவர்கள் அதிலேயே இருந்தாலும் மோசமில்லை. மைக்ரோசாஃப்டின் எட்ஜில் கண்காணிப்புத் தடுப்புக்கு மூன்று நிலைகள் உண்டு, நடு நிலையில் வருகிறது. கடுமையான நிலைக்கு மாற்றலாம். அதற்கு மேல் எட்ஜைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

உண்மையான போட்டி ஃபயர்ஃபாக்ஸுக்கும் பிரேவுக்கும்.

பிரேவின் பலம், அதன் தடுப்பு உள்ளேயே கட்டப்பட்டிருப்பது. நிறுவியதுமே விளம்பரங்களும், நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களும் நிற்கின்றன. தனியாக எக்ஸ்டென்ஷன் (உலாவியில் மாட்டும் துணை நிரல்) தேடவேண்டியதில்லை. குரோமுக்கு அடித்தளமான குரோமியம்தான் இதற்கும் அடித்தளம் என்பதால், குரோமில் ஓடும் தளம் பெரும்பாலும் இதிலும் ஓடும். எக்ஸ்டென்ஷன்களுக்குக் கூகுள் கொண்டுவந்த புதிய விதிகளால் குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனின் முழு வடிவம் வேலை செய்யாமல் போனது, லைட் வடிவம் மட்டுமே மிச்சம். பிரேவின் தடுப்பு எக்ஸ்டென்ஷனே அல்ல என்பதால் அந்த விதி அதைத் தொடவில்லை.

எரிச்சலும் உண்டு. கிரிப்டோ நாணயம் வைக்கும் வாலட், விளம்பரம் பார்த்தால் கிரிப்டோ டோக்கன், செய்திகள், ஏஐ உதவியாள் என்று முகப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் அணைக்கலாம், முதல் நாளே ஐந்து நிமிடம் ஒதுக்கி அணைத்துவிடுவது நல்லது. 2020 ஜூனில் நடந்தது இதைவிடப் பெரிய விஷயம். சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது, பிரேவ் தனக்குக் கமிஷன் தரும் குறியீட்டைத் தானாகச் சேர்த்து நிரப்பியது வெளியே வந்தது. அதன் தலைவர் பிரெண்டன் ஐக் தவறு என்று ஒப்புக்கொண்டார், நீக்கினார்கள். ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியவர் இவர்தான். ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லாவை நிறுவியவர்களில் ஒருவரும்கூட. போட்டி பங்காளிச் சண்டை மாதிரி இருப்பதில் வியப்பில்லை.

அந்தப் பக்கம் ஃபயர்ஃபாக்ஸும் சுத்தத் தங்கம் இல்லை. மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருகிறது, கூகுளை இயல்புத் தேடலாக வைத்திருப்பதற்கான தொகையாக. 2024 ஜூலையில் வந்த 128ஆம் பதிப்பில் விளம்பர அளவீட்டு வசதி ஒன்றை யாரையும் கேட்காமல் இயக்கிவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் நான் தினமும் திறப்பது இதைத்தான். 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கிகளும் இதில் தனித்தனி ஜாடிகளில் அடைபட்டிருக்கின்றன. செய்தித் தளத்தின் ஜாடியில் விளம்பர நிறுவனம் போட்டதை அடுத்த தளத்தில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் விளம்பரங்களை இது தானாக நிறுத்துவதில்லை. யூபிளாக் ஆரிஜினை நீங்கள்தான் போட வேண்டும். பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். வெறும் யூபிளாக் வேறு கைக்குப் போன வேறு சரக்கு. அப்புறம் கண்காணிப்புத் தடுப்பை 'ஸ்டிரிக்ட்' நிலைக்கு மாற்றி, எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) மட்டும் என்ற தேர்வைப் போட்டு, மோசில்லாவுக்குப் போகும் பயன்பாட்டுத் தரவை அணைத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைத் தராதவருக்கு பிரேவ்தான் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

கைபேசியில் கணக்கு மாறுகிறது. ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே யூபிளாக் ஆரிஜின் முழுதாக ஓடும். குரோமில் எக்ஸ்டென்ஷனுக்கே இடமில்லை. ஐபோனில் நிலைமை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் போன்ற இடங்களுக்கு வெளியே, ஐபோனில் எந்த உலாவியும் பக்கங்களைக் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினின் மேல்தான் ஓடியாக வேண்டும். ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போட முடியாது, ஐபோன் பிரேவில் உள்ளமைந்த தடுப்பு இருக்கிறது. ஐபோன்காரர் என்னிடம் கேட்டால் பதில் பிரேவ் அல்லது சஃபாரி.

குக்கியைத் தடுத்தாலும் 'உலாவிக் கைரேகை' என்று ஒன்று மிச்சமிருக்கிறது. திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், கிராஃபிக்ஸ் சில்லு படம் வரையும் விதம் எல்லாவற்றையும் கூட்டினால் ஆளை அடையாளம் காணலாம். இணைய உரிமைகளுக்காகப் போராடும் மின்னணு எல்லை அறக்கட்டளை (EFF) 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன. பிரேவ் இந்தத் தகவல்களில் சிலவற்றைத் தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக் குழப்புகிறது. ஃபயர்ஃபாக்ஸில் மறைந்திருக்கும் கடுமையான கைரேகைத் தடுப்பைப் போட்டால் நேர மண்டலம்கூட உலக நேரமாகிவிடும்; கூட்டம் எத்தனை மணிக்கு என்பதே குழம்பும். தினசரிப் பயன்பாட்டுக்கு அது வேண்டாம் என்பேன். பாதுகாப்பு என்று நினைத்து எட்டு எக்ஸ்டென்ஷன் மாட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சட்டையில் அத்தனை பதக்கம் தொங்கினால் கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிப்பது சுலபம்.

கைரேகையில் கடைசி வரை போவது டோர் உலாவி. அதைப் பயன்படுத்தும் எல்லோரையும் ஒரே மாதிரி காட்ட முயல்கிறது, இணைப்பை மூன்று ரிலேக்கள் (இடைக் கணினிகள்) வழியாகச் சுற்றி அனுப்புகிறது. அதனால் மெதுவாகத்தான் இருக்கும், பல தளங்கள் 'மனிதரா ரோபோவா' என்று கேட்டு நச்சரிக்கும். இதழாளருக்கும் ஆபத்தில் இருப்பவருக்கும் அது தேவை. அதில் போய் வங்கிக் கணக்கைத் திறப்பதில் அர்த்தமில்லை. டோர் குழு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட முல்வாட் உலாவி அதே கைரேகைக் காப்பை டோர் வலையமைப்பு இல்லாமல் தருகிறது.

மெத்தைக்கு வருவோம். அக்கா அந்தக் கடையில் தன் பெயரோடு நுழைந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடையிடமிருந்து அவளை மறைக்க எந்த உலாவியாலும் முடியாது. அதற்கு நான் கண்ட வழி, உலாவியை இரண்டாக வைத்துக்கொள்வது. மின்னஞ்சல், வங்கி, கடை என்று பெயர் சொல்லி நுழைவதெல்லாம் ஒன்றில். சும்மா தேடுவதும் மேய்வதும் இன்னொன்றில், எந்தக் கணக்கிலும் நுழையாமல். ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் கணினியில் டேப்களை நிறம் பிரித்துத் தனித்தனியாக வைக்கும் கன்டெய்னர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு இதை ஒரே உலாவிக்குள் செய்யலாம். ஆனால் எந்த டேப் எந்த நிறம் என்று அக்கா நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

அவள் போனில் பிரேவைப் போட்டு, வாலட்டையும் டோக்கனையும் அணைத்துக் கொடுத்தேன். பழைய உலாவியைக் கணக்குகளுக்கு மட்டும் விட்டுவைத்தேன். ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன்: ஏதாவது பக்கம் சரியாகத் திறக்காவிட்டால் முகவரிப் பட்டையில் இருக்கும் பிரேவின் சின்னமான சிங்க முகத்தைத் தட்டி, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணை, பழையதற்கு ஓடிப்போகாதே. இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். "மெத்தை போயிடுச்சுடா. சிங்கத்தை எதுக்குத் தட்டச் சொன்னே?"