கட்டையை உருட்டுவது நீங்கள், விழுவது அதன் இஷ்டம்: டயாப்லோ 2 ரிசரெக்டட்

அரக்கர்களைக் கொன்று, அவர்கள் கீழே போடும் ஆயுதமும் கவசமும் சேர்க்கும் வீடியோ விளையாட்டான டயாப்லோ 2: ரிசரெக்டட் வாங்கலாமா என்று கேட்பவர்கள் யாரும் கிராபிக்ஸைப் பற்றிக் கேட்பதில்லை. "எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் விழாதாமே, உண்மையா?" என்றுதான் கேட்கிறார்கள். பாதி உண்மை. 2000-இல் வந்த விளையாட்டுக்கு 2021 செப்டம்பரில் புதுச் சட்டை போட்டார்கள். உள்ளே ஓடும் லூட் கணக்கு, அதாவது எது எப்போது விழும் என்ற கணக்கு, ஏறக்குறைய அதே பழைய கணக்குதான். அந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்துவருமா என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். மனதில் வைத்திருப்பது ஒரே வகை ஆளை: அவுட்டர் ரிங் ரோட்டில் நின்று நின்று வீடு சேர்ந்து, சாப்பிட்டு முடித்து, இரவு பதினொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிற பெங்களூர்த் தமிழர்.

தாயம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. தாயம் விழாமல் காய் இறங்காது. ஆனால் விழுந்த எண்ணை எந்தக் காய்க்குப் போடுவது என்பதில் பாட்டியை ஜெயிக்க முடியாது. இந்த விளையாட்டிலும் உருட்டு முழுக்க அதிர்ஷ்டம். எந்த இடத்தில் உருட்டுவது, ஒரு மணிக்கு எத்தனை முறை உருட்டுவது என்ற இரண்டும் முழுக்க உங்கள் கையில்.

ஒரு அரக்கன் செத்ததும் என்ன நடக்கிறது? எதுவும் விழாமல் போகலாம், அது முதல் உருட்டு. விழுந்தால் என்ன பொருள் என்பது அடுத்தது. அதன் பிறகுதான் தரம்: தனிப் பெயர் கொண்ட யூனிக்கா என்று முதலில் பார்க்கும், இல்லையென்றால் தொகுதியாகச் சேர்க்கும் செட், பிறகு மஞ்சள் நிற ரேர், பிறகு நீல நிற மேஜிக். கவசம், மோதிரம் போன்றவை கூட்டித் தரும் மேஜிக் ஃபைண்ட் என்ற எண் இந்தக் கடைசி உருட்டை மட்டும்தான் தொடுகிறது. துளையுள்ள ஆயுதத்திலும் கவசத்திலும் பதிக்கும் மந்திர எழுத்துக் கல்லான ரூன் விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேஜிக் ஃபைண்டை ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ரூன் தேடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், பாவம்.

யூனிக் என்று விழுந்தாலும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு யூனிக்குக்கும் ஒரு தர லெவல் உண்டு. செத்த அரக்கனின் லெவல் அதற்குக் குறைவாக இருந்தால் அது விழாது. தகுதியான யூனிக் எதுவுமே இல்லாவிட்டால் அந்தப் பொருள் மஞ்சள் ரேராக மாறி, மூன்று மடங்கு உறுதியோடு (தேயாமல் தாங்கும் அளவு) கீழே விழும். உறுதி எண் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும் ஒரு மஞ்சள் கவசம் கிடைத்தால், அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டிவிட்டு, தப்பான வீடு என்று திரும்பிப் போயிருக்கிறது என்று பொருள். தவறிப்போன செட் என்றால் இரண்டு மடங்கு உறுதியுள்ள நீலப் பொருளாக வரும்.

இந்த லெவல் விதியை நமக்குச் சாதகமாகத் திருப்புவதுதான் திறமை. ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தர லெவல் 39. விளையாட்டின் கடினம் நார்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று படி. ஹெல்லில் தேடினால் எல்லா யூனிக் மோதிரங்களும் போட்டிக்கு வந்துவிடும். நைட்மேரில் வரும் ஆண்டாரியல் என்ற அரக்கியின் லெவல் 49. டுவார்ஃப் ஸ்டார், ரேவன் ஃப்ராஸ்ட் என்ற மோதிரங்களின் தர லெவல் 53, அதனால் வெளியே. மிச்சம் மூன்றே மோதிரங்கள்: நாகல்ரிங், மனால்ட் ஹீல், நமக்கு வேண்டியது. முதல் இரண்டுக்கும் விழும் வாய்ப்பின் எடை 15, 15, ஜோர்டனுக்கு 1. அதாவது அவளிடம் விழும் யூனிக் மோதிரங்களில் 31-இல் ஒன்று. பெரிய அரக்கனை விட்டுச் சின்ன அரக்கியைத் தேடிப்போவது ஏன் என்று இப்போது புரியும்.

31-இல் ஒன்று என்றால் 31 மோதிரத்தில் கட்டாயம் வரும் என்று நினைக்க வேண்டாம். 31 யூனிக் மோதிரங்களுக்குப் பிறகும் வராமல் இருக்க 36 சதவீத வாய்ப்பு உண்டு. 62-க்குப் பிறகும் 13 சதவீதம். "இவ்வளவு நாள் வரவில்லை, இனி வந்துதானே ஆகணும்" என்ற நியாயம் இங்கே செல்லாது. கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது, இரக்கமும் கிடையாது.

அடுத்து, பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம்: மேஜிக் ஃபைண்ட் எவ்வளவு வேண்டும்? யூனிக்கைப் பொறுத்தவரை காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை 250-ஆல் பெருக்கி, அதே எண்ணோடு 250-ஐக் கூட்டியதால் வகுத்தால் கிடைப்பதுதான் நிஜ எண். 100 போட்டால் 71. 300 போட்டால் 136. 500 போட்டாலும் 167-தான்.

இதை நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். மெஃபிஸ்டோ என்ற பெரிய அரக்கனை ஒரு முறை போய் முடிப்பது ஒரு ரன். அதற்கு 90 விநாடி என்றால் மணிக்கு 40 ரன். 100-லிருந்து 300-க்கு மேஜிக் ஃபைண்டை ஏற்றினால் யூனிக் வாய்ப்பு சுமார் 38 சதவீதம் கூடுகிறது. ஆனால் அதற்காக நல்ல கவசத்தையும் மோதிரத்தையும் கழற்றியதால் ஒரு ரன் 124 விநாடியைத் தாண்டினால், லாபம் அத்தனையும் போச்சு. நடுவில் ஒரு முறை செத்தால் கேட்கவே வேண்டாம். செலவில்லாத வழி ஒன்று உண்டு: நான்கு துளையுள்ள உடல் கவசத்தில் நான்கு பெர்ஃபெக்ட் டோபாஸ், அதாவது உச்சத் தரக் கல். ஒன்றுக்கு 24, மொத்தம் 96. ஹோராட்ரிக் கியூப் என்ற கலவைப் பெட்டியில் மூன்று கல்லைப் போட்டால் அடுத்த தரத்துக் கல் ஒன்று. அதற்கு மேல் மேஜிக் ஃபைண்டுக்காக எதையும் தியாகம் செய்யத் தேவையில்லை.

வேகத்துக்கும் இப்படி ஒளிந்திருக்கும் படிக்கட்டு உண்டு. சோர்சரஸ் என்ற மந்திரக்காரிக் கதாபாத்திரத்தின் மந்திர வேகம் 63-ஐத் தொட்டால் ஒரு மந்திரத்துக்கு 9 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் படம்), 105-ஐத் தொட்டால் 8. நடுவில் 64 முதல் 104 வரை சேர்த்தது அத்தனையும் வீண். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்பதால் ஒரு ஃப்ரேம் அற்பமாகத் தெரியலாம். டெலிபோர்ட் என்ற தாவும் மந்திரத்திலேயே பறந்து போகிறவருக்கு ஒரு ரன்னில் அது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால் அற்பமில்லை. இதில் எதையும் விளையாட்டு உங்களுக்குச் சொல்வதில்லை. இவ்வளவு முக்கியமான எண்களைத் திரையில் எங்கும் காட்டாமல் வைத்திருப்பது பழமையைக் காப்பது அல்ல, சோம்பேறித்தனம்.

ஒவ்வொரு ரன்னுக்கும் வெளியே வந்து புது ஆட்டம் தொடங்க வேண்டும் என்பதால் லோடிங் நேரமும் கணக்கில் சேரும். ரன்னுக்கு 15 விநாடி மிச்சமானால் 90 என்பது 75 ஆகிறது; மணிக்கு 40 என்பது 48 ஆகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுகிறவர் சனிக்கிழமை கணினிக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு போய் அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவருவது, எந்த டோபாஸையும் விட நல்ல மேஜிக் ஃபைண்ட்.

ஆஃப்லைனில் ஆடுகிறவர்களுக்கு ‘பிளேயர்ஸ்’ கட்டளை இருக்கிறது. சாட்டில் பிளேயர்ஸ் என்ற சொல்லோடு ஒரு எண்ணை அடித்தால், அத்தனை பேர் ஆடுவதாக விளையாட்டு எடுத்துக்கொள்ளும். கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் அரக்கனின் உயிர் 50 சதவீதம் ஏறும். ஒன்றும் விழாமல் போகும் வாய்ப்பு குறையும். ஆனால் அது குறைவது 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களில் மட்டும். 2, 4, 6, 8 வைத்தால் உயிரும் அனுபவப் புள்ளியும் கூடும், டிராப் அப்படியே நிற்கும். 8 வைத்துவிட்டு வீரம் பேசுகிறவர், 7-இல் கிடைப்பதையே அதிக அடி அடித்து வாங்குகிறார். மெஃபிஸ்டோ மாதிரி பெரிய தலைகளுக்கு 3-க்கு மேல் போவதில் லாபம் மிகக் குறைவு.

இதற்கும் ஒரு விதிவிலக்கு, கவுண்டஸ் என்ற அரக்கி. ரூனுக்காக அவளைத் தேடிப் போகும்போது பிளேயர்ஸை 1-இலேயே வைக்க வேண்டும். ஒரு அரக்கனிடமிருந்து ஆறு பொருள்களுக்கு மேல் விழாது. எண்ணைக் கூட்டினால் அம்பும் மருந்தும் அந்த இடங்களை முதலில் அடைத்துக்கொள்ளும், ரூனுக்கு இடம் இருக்காது. ‘ஸ்பிரிட்’ ரூன்வேர்டுக்கு (குறிப்பிட்ட வரிசையில் ரூன்களைப் பதித்துச் செய்யும் பொருள்) வேண்டிய டால், துல், ஓர்ட், அம்ன் என்ற நான்கு ரூன்களில் டாலை நார்மல் கவுண்டஸே தருவாள், ஏனென்றால் நார்மலில் அவளுடைய ரூன் பட்டியல் ரால் வரை போகும். நார்மலில் ஹெல்ஃபோர்ஜ் என்ற உலைக்களம் எல் முதல் அம்ன் வரை ஏதாவது ஒரு ரூனைத் தரும். கொஞ்சம் பொறுமை இருந்தால் எவருக்கும் அமைகிற ஆயுதம் இது. லூட் கணக்கில் இந்த விளையாட்டு மிக நியாயமாக நடந்துகொள்ளும் இடமும் இதுதான்.

நியாயம் உடையும் இடம் பெரிய ரூன்கள். ‘எனிக்மா’ கவசத்துக்கு ஜா, இத், பெர் வேண்டும். கியூபில் இரண்டு ரூனையும் ஒரு கல்லையும் போட்டு அடுத்த ரூனைச் செய்யலாம் என்பது ஆறுதல் மாதிரி தெரியும். இஸ்ட் என்ற ரூனிலிருந்து பெர் ஆறு படி. 64 இஸ்ட் கொடுத்தால் ஒரு பெர். ஜாவுக்கு 128. இந்த இரண்டு ரூனுக்கு மட்டும் 192 இஸ்ட். இங்கே திறமை கொஞ்சம்தான் உதவும். ஆஃப்லைனில் வரைபடம் மாறாது என்பதால், லோயர் குராஸ்ட் என்ற பகுதியில் நெருப்பைச் சுற்றிய குடிசைகள் வே பாயின்ட் என்ற பயண மேடைக்குப் பக்கத்தில் அமையும் வரைக்கும் வரைபடத்தை மாற்றிவிட்டு, அங்குள்ள பெட்டிகளை மட்டும் திறந்து திறந்து மூடலாம். வேலை செய்யும். ஆனால் சண்டையே இல்லாத சண்டை விளையாட்டு அது. அலுவலகத்தில் டிக்கெட் மூடிவிட்டு வந்து வீட்டில் பெட்டி திறப்பதா என்று தோன்றினால் தப்பில்லை.

நண்பர்களோடு ஆன்லைனில் ஆடினால் மூன்றாவதாக ஒன்று சேரும்: கை வேகம். விழுந்த பொருள் யாருக்கும் சொந்தமில்லை, முதலில் கிளிக் செய்தவருக்கே. அதைத் திறமை என்று ஒத்துக்கொள்வது கஷ்டம். பாதி அது நல்ல இணைப்பு யாருக்கு என்பதன் போட்டி. எது யாருக்கு என்று முதலிலேயே பேசிவையுங்கள். அல்சூரில் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நால்வர் என்றால் கட்டாயம் பேசிவையுங்கள்.

மற்ற வழிகளும் சோதித்துப் பார்க்கப்பட்டவைதான். டயாப்லோ 3 நிஜப் பணத்துக்கு ஏலக்கடை திறந்து, 2014 மார்ச் 18-இல் மூடியது. பிறகு உங்கள் கதாபாத்திரத்துக்கு ஏற்றதையே அதிகம் போடும் முறைக்கு மாறியது. கை நிறைய விழும், மனம் நிறையாது. 2024 பிப்ரவரியில் முழுமையாக வெளிவந்த லாஸ்ட் எபாக் என்ற விளையாட்டு வேறு மாதிரி: விழுந்ததைப் பட்டறையில் மெருகேற்றலாம், வியாபாரம் வேண்டாம் என்பவர்களுக்கு அதிகம் விழும் தனிக் குழுவும் உண்டு. ஒவ்வொரு இரவும் கையில் ஏதாவது நின்றாக வேண்டும் என்பவர் அங்கே போகலாம்.

டயாப்லோ 2 ரிசரெக்டட் வாங்குபவர் முதல் வாரத்தில் டெலிபோர்ட் கிடைக்கும் 18-ஆம் லெவல் வரை சோர்சரஸை வளர்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு கையில் பிடித்து ஆடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பு ஆஃப்லைனில் ஓடும். ஒரே எச்சரிக்கை: கன்ட்ரோலரில் டெலிபோர்ட் நினைத்த புள்ளியில் இறங்காது, பார்க்கும் திசையில் ஒரே தூரம் தாவும். மெஃபிஸ்டோவை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று அடிக்கும் வித்தைக்கு அது சரிப்படாது. அந்த ரன்களை வீட்டு மவுஸுக்கு வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கவுண்டஸைப் பாருங்கள்.