ப்ராஜெக்ட் வாழ்க்கைச் சுழற்சியோடு 9 வருடம்: எனக்கு உதவியதும் காலை வாரியதும்

தொடக்கம், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணிப்பு, முடிப்பு. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்கப் போன முதல் நாளே போர்டில் இந்த ஐந்து பெட்டிகளையும் வரைந்து, நடுவே அம்புக்குறி போட்டுவிட்டார்கள். ஒரு பெட்டியை முடித்தால் அடுத்தது, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று நானும் நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையோடுதான் மென்பொருள் ப்ராஜெக்ட்களில் குப்பை கொட்ட ஆரம்பித்தேன். இது 9-வது வருடம்.

முதல் இரண்டு வருடம் திட்டமிடலைக் கதவு மாதிரி சாத்திவிட்டுப் போவேன். 140 வரிகளோடு ஒரு கான்ட் சார்ட் (எந்த வேலை எந்தத் தேதியில் என்று பட்டைகளாகக் காட்டும் அட்டவணை), அதற்கு எல்லோருடைய ஒப்புதல், அவ்வளவுதான், அப்புறம் அதைத் தொடமாட்டேன். ஒரு ப்ராஜெக்டில் டெஸ்டிங் சர்வர் வர மூன்று வாரம் தாமதமானது. சார்ட்டோ பழைய தேதிகளோடு அப்படியே இருந்தது. வாராந்திர மீட்டிங்கில் பச்சை, பச்சை, பச்சை என்று காட்டிவிட்டு, ஐந்தாவது வாரம் திடீரென்று சிவப்பு காட்டினேன். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நான் கட்டங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஐந்தும் கட்டங்களே இல்லை. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கு வழிகாட்டி வெளியிடும் பிஎம்ஐ (Project Management Institute) அமைப்பு அவற்றைச் செயல்முறைக் குழுக்கள் என்கிறது. 2017-இல் வந்த அதன் வழிகாட்டியின் 6-வது பதிப்பு 49 செயல்முறைகளை இந்த ஐந்து குழுக்களுக்குள் அடுக்கியிருக்கிறது. கட்டங்கள் துறைக்குத் துறை மாறும். கட்டுமானத்தில் சாத்தியக்கூறு ஆய்வு, வடிவமைப்பு, கட்டுதல், ஒப்படைப்பு. மென்பொருளில் தேவைகள், டிசைன், கோடிங், டெஸ்டிங். இப்படி ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த ஐந்து குழுக்களும் திரும்பத் திரும்ப வரும். டெஸ்டிங்குக்கும் தனியாக ஒரு தொடக்கம், ஒரு திட்டம், ஒரு முடிப்பு உண்டு. இது புரிந்த பிறகு சார்ட்டை வாரம் ஒரு முறை திருத்துவதை நான் தோல்வியாக நினைப்பதில்லை.

என்னைப் போல ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என்பது ஒரு ஆறுதல். ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று படிப்படியாக இறங்கும் வாட்டர்ஃபால் முறைக்கு மூலமாக எல்லோரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையை. அதில் வாட்டர்ஃபால் என்ற சொல்லே கிடையாது. அந்தப் படிக்கட்டுப் படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே செய்தால் ஆபத்து என்றும் அவர் எழுதியிருக்கிறார். உலகம் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது!

எனக்கு அதிகம் கைகொடுத்தது தொடக்கம்தான். அதுவும் அடிபட்ட பிறகு. ஒரு தரவு மாற்ற ப்ராஜெக்டின் சார்ட்டரில் (ப்ராஜெக்டைத் தொடங்க ஒப்புதல் தரும் ஆவணம்) "பழைய தரவு அனைத்தும் புதிய அமைப்புக்கு மாற்றப்படும்" என்று எழுதி, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. எங்கள் கணக்கில் அனைத்தும் என்றால் இப்போது நடப்பில் இருக்கும் கணக்குகள். வாடிக்கையாளர் கணக்கில் அது 11 வருடத் தரவு, மூடிய கணக்குகளும் சேர்த்து. அந்த ஒரு சொல் ஆறு வாரத்தைத் தின்றது. இப்போதெல்லாம் சார்ட்டரில் "அனைத்தும்", "தேவையான", "விரைவில்" போன்ற சொற்களைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எவ்வளவு, எது, எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன். எதெல்லாம் செய்ய மாட்டோம் என்பதற்கும் தனியாக ஒரு பத்தி உண்டு. உண்மையில் அந்தப் பத்தியைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்கிறார்கள்.

இன்னொன்று, மாற்றத்துக்கான செலவைக் காட்டும் அந்த வளைகோடு. ஆரம்பத்தில் தரையோடு கிடந்து, போகப்போக ஏறும். "ஒரே ஒரு ஃபீல்டு தானே, சேர்த்துவிடுங்களேன்" என்று கேட்பவரிடம் அதைக் காட்டுவேன். டிசைன் சமயத்தில் அது ஆவணத்தில் ஒரு வரி. டெஸ்டிங் முடிந்த பிறகு டேபிள், திரை, மூன்று ரிப்போர்ட், தரவு மாற்றும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, மறுபடி டெஸ்டிங். வாய்ச்சண்டையைவிட அந்தக் கோடு நன்றாகவே வேலை செய்கிறது.

சின்னச் சின்னத் துண்டுகளாக முடித்துக்கொண்டே போகும் அஜைல் முறைக்கு மாறியபோது சுழற்சியையே தூக்கிப் போட்டுவிடலாம் என்றார்கள். ஸ்பிரின்ட் எனும் இரண்டு வார வேலைத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சுழற்சிதான் என்பது என் அனுபவம். பணம் யார் தருவது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளுக்கு ஸ்பிரின்ட் பதில் சொல்லாது. 2021-இல் பிஎம்ஐயே 7-வது பதிப்பில் 12 கொள்கைகள், 8 செயல்திறன் களங்கள் என்று அமைப்பை மாற்றியது. மீட்டிங்கில் எங்கள் வாயில் வருவது இன்னமும் அந்த ஐந்து பெயர்கள்தான்.

குறை என்றால், முடிப்பை யாரும் மதிப்பதில்லை. ஒரு ப்ராஜெக்ட் கோ-லைவ் ஆகி (பயன்பாட்டுக்கு வந்து), கேக் வெட்டி, டீமும் கலைந்துவிட்டது. ஏற்பு ஆவணத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. "சின்ன சந்தேகம்" என்று ஐந்து மாதம் போன் வந்துகொண்டே இருந்தது. வேலை நேரத்தைப் பதியும் ப்ராஜெக்ட் குறியீட்டு எண் மூடப்படாததால் ஆட்கள் அதில் மணிக்கணக்கை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கற்ற பாடங்களைப் பேசக் கூட்டம் போட்டபோது வந்தது மூன்று பேர், அதில் ஒருவர் புதியவர். இப்போது அதை ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அரை மணி நேரம் பேசிவிடுகிறோம், ஞாபகம் சூடாக இருக்கும்போதே.

முடிப்புக்கான செக்லிஸ்டையும் முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறேன். இப்போது கையில் இருக்கும் ப்ராஜெக்டுக்கு இது நான்காவது மாதம். பட்டியலில் 11 வரி. யார் கையெழுத்துப் போடுவார் என்ற வரிக்கு எதிரே போன வாரம்தான் ஒரு பெயர் வந்தது.