மறதியா, வலிப்பா: விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

"அம்மாவுக்கு மறதி முத்திப்போச்சுப்பா. நேத்து சாயந்திரம் அரை மணி நேரம் யாரையுமே தெரியலை." ஊரில் இறங்கியதும் இப்படிச் சொன்னால் அந்த அரை மணி நேரத்தைத் துருவிக் கேளுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்லச் சரியும். ஒரு பொழுதில் சரிந்து அன்றைக்கே பழையபடி ஆகிறது என்றால் வேறு ஏதோ நடக்கிறது. அது கை கால் இழுக்காத வலிப்பாகவும் இருக்கலாம். அல்சைமர் என்ற மறதி நோய் இருப்பவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்ற முதியவர்களைவிட அதிகம்.

அப்படிப்பட்ட வலிப்பு இப்படி இருக்கும்: சாப்பிடும்போது கை தட்டிலேயே நின்றுவிடும். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. உதடு சப்புக்கொட்டும், விரல்கள் முந்தானையை உருட்டிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் ஓரிரு நிமிடம்தான். அதற்குப் பிறகு வரும் குழப்பமும் தூக்கமும் வயதானவர்களுக்கு மணிக்கணக்கில் நீளும். வீட்டார் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பின்பாதியை மட்டுமே.

முதலில் வீட்டிலேயே சுகர் குத்திப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை போடுகிறவருக்கு சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலும் இதே தோற்றம்தான். சோடியம், கால்சியம், கிட்னியைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை இவற்றுக்கு லேப் ஆட்களே வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுத்துப் போகிறார்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை போடுகிறவருக்கு சோடியம் அடிக்கடி இறங்கும். பிறகு மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். மூட்டுவலிக்கு யாரோ எழுதிய டிரமடால், நீர்க்கடுப்புக்கு வாங்கிய சிப்ரோஃபிளாக்சசின் இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை. அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையில் சிக்கல் வேறு மாதிரி: வருடக்கணக்கில் போட்டதை, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை "தூக்க மாத்திரை எதுக்கு?" என்று ஒரே நாளில் நிறுத்துவார். சில நாளில் வலிப்பு வரலாம். அதை டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இன்று மாவட்டத் தலைநகரங்களில் எளிதாகக் கிடைக்கிறது. பழைய பக்கவாதம், ரத்தக்கசிவு, கட்டி எல்லாம் அதில் தெரியும், வலிப்பு தெரியாது. வலிப்புக்குத் தேவை மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எல்லா ஸ்கேன் சென்டரிலும் அது இருப்பதில்லை என்பதால் நரம்பு டாக்டரின் கிளினிக்கிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரிக்க வேண்டும். முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போங்கள். தேங்காய் எண்ணெய் இருந்தால் தலையில் ஒயரைப் பொருத்தும் பேஸ்ட் ஒட்டாது, பதிவு கெடும். வழக்கமாகத் தூங்கும் மதிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தூக்கத்தில்தான் கோளாறு அதிகம் சிக்கும். அவர் ஒயர்களைப் பிடுங்கிவிடாமல் இருக்க, அவருக்குப் பழக்கமான ஒருவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். டாக்டரைக் கேட்காமல் மயக்க மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள், அது அலைகளையே மாற்றிவிடும். சாதாரண இ.இ.ஜி. 20 முதல் 30 நிமிடம்தான் ஓடும். "நார்மல்" என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. நீண்ட நேர வீடியோ இ.இ.ஜி.க்குப் பெரிய ஊர்தான்: வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா போன்ற இடங்கள்.

ஓ.பி.யில் டாக்டர் முன் உட்காரக் கிடைப்பது சில நிமிடம். அங்கே தடித்த ஃபைலைவிட, அப்படி வரும்போது எடுத்த ஒரு செல்போன் வீடியோ அதிகம் உதவும். முகமும் இரண்டு கைகளும் தெரிய எடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரு சொல்லைச் சொல்லி, தெளிந்ததும் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆரம்பித்த நேரமும் முடிந்த நேரமும் முக்கியம். முகம் வெளுத்துத் துவண்டு விழுந்து சட்டென்று தெளிந்தால் இதயப் பக்கம் பார்க்க வேண்டும். மறதிக்குத் தரும் டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கும். இதயத்துக்கு எடுக்கும் ஈ.சி.ஜி. கட்டாயம்.

வலிப்புக்கு மருந்து பெரும்பாலும் லெவெடிரசெட்டம். முதியவர்களுக்குப் பொதுவாக 250 மி.கி. காலை, இரவு என்று குறைவாகத் தொடங்குவார்கள். கிட்னி பலவீனமானால் அளவு இன்னும் குறையும். சிலருக்கு எரிச்சலும் கோபமும் கூடும். அதை "நோய் முத்திருச்சு" என்று வீட்டில் முடிவுகட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய சீட்டில் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து தொடர்ந்தால் நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் (கம்பெனிப் பெயர் அல்ல, ஜெனரிக் பெயர்) எழுதி வாங்கினால், கடை மாறினாலும் மருந்து மாறாது.

கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் சொல்ல வேண்டியவை சில. வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றக்கூடாது, கையில் சாவிக்கொத்து திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். கை கால் இழுப்பு 5 நிமிடம் தாண்டினாலோ, இழுப்பில்லாத வெறித்த பார்வை 10 நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, தெளியுமுன் மறுபடி வந்தாலோ 108. போனில் "வயசானவங்க மயக்கம்" என்று சொல்லாமல் "ஃபிட்ஸ், இன்னும் நினைவு வரலை" என்று சொல்லச் சொல்லுங்கள். குழப்பம் நாள் முழுக்க நீடித்தால், குழப்பம் இருக்கும்போதே இ.இ.ஜி. எடுக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தெளிந்த பிறகு எடுத்தால் பாதி விஷயம் தப்பிவிடும்.

அடுத்த ரிவ்யூவை வீடியோ காலில் முடிக்கலாம். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, மறதி நோயாளிக்காகப் பராமரிப்பவரே டாக்டரிடம் பேசலாம். காலண்டரில் தேதி வாரியாகக் குறித்த வலிப்பு நேரங்களை அந்த அக்கா அப்போது படித்துக் காட்டட்டும்.