வேலை தேடும் ஆசிரியருக்கு எந்தத் தளம் கைகொடுக்கும்? ஐந்து மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

பதினோரு வருடம் இயற்பியல் எடுத்துவிட்டு, வீட்டுச் சூழ்நிலை காரணமாக இரண்டு வருடம் இடைவெளி விட்டு, மறுபடியும் வகுப்புக்குப் போகலாம் என்று நினைத்தபோது எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பழைய சக ஆசிரியர்களிடம் சொல்லி வைப்பது. சொல்லி வைத்தேன். எல்லோரும் "பார்க்கிறேன் மேடம்" என்றார்கள், அவ்வளவுதான். அதன் பிறகுதான் இணையத்தில் இறங்கினேன். ஐந்து மாதத்தில் வேலை கிடைத்தது. எந்தத் தளத்தில் நேரம் போட்டது வீணாகவில்லை, எதில் வீணானது என்று எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் ஒருவருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைத் தளங்களுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது பாடம் நடத்த உதவும் தளங்களுக்குக் கொடுத்திருந்தால் எனக்கு இன்னும் சீக்கிரம் வேலை கிடைத்திருக்கும்.

முதலில் லிங்க்ட்இன். 2003-ல் வந்த தளம், ஆனால் அது கணினித் துறைக்காரர்களுக்கானது என்று இத்தனை வருடம் ஒதுக்கியே வைத்திருந்தேன், அது தவறு. பள்ளி முதல்வர்கள், பாட ஒருங்கிணைப்பாளர்கள், ஆசிரியர் பயிற்சி நடத்துபவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். என் பெயருக்குக் கீழே வெறுமனே 'இயற்பியல் ஆசிரியர்' என்று போட்டிருந்தவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. '9 முதல் 12-ம் வகுப்பு இயற்பியல், ஆய்வகப் பொறுப்பு, பதினோரு வருட அனுபவம்' என்று மாற்றிய பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு பேராவது வந்து பார்த்தார்கள். ஏற்கெனவே ஒரு பள்ளியில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வேலை தேடுகிறேன் என்று காட்ட நம் படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையத்தைப் போட்டால் உங்கள் முதல்வர் உட்பட எல்லாரும் பார்க்கலாம். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கவும் வழி இருக்கிறது, ஆனால் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு நூறு சதவீதம் தெரியாமல் இருக்கும் என்று அவர்களே உறுதி சொல்வதில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

பொதுவான வேலை தேடும் தளங்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது சொற்கள்தான். தமிழில் 'ஆசிரியர் வேலை' என்று தேடினால் பத்திரிகை உதவி ஆசிரியர், பதிப்பாசிரியர் வேலையெல்லாம் சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் தேடினால் வேறு சிக்கல், ஒரே வேலையை ஒருவர் டீச்சர் என்பார், இன்னொருவர் எஜுகேட்டர், மற்றொருவர் ஃபெசிலிடேட்டர், கோச்சிங் நடத்துபவர்கள் ஃபேகல்ட்டி. நான் முதல் மூன்று வாரம் 'டீச்சர்' என்ற ஒரே சொல்லை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் எத்தனை அறிவிப்பு கைநழுவிப் போயிருக்கும் என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையும் தினமும் வரும்படி வைக்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தால் போதும். தினமும் காலையில் எழுந்ததும் இருபது அறிவிப்பு வந்து, அதில் ஒன்றுகூட நமக்குப் பொருந்தவில்லை என்றால் அன்றைய நாளே சோர்ந்துபோகும்.

ஆசிரியர்களுக்கென்றே இருக்கும் தளங்களில் டெஸ் எனக்குப் பிடித்திருந்தது. 1910-ல் லண்டன் டைம்ஸ் நாளிதழின் கல்வி இணைப்பாகத் தொடங்கியது, இப்போது சர்வதேசப் பள்ளிகளின் வேலை அறிவிப்புகள் அங்கே நிறைய வருகின்றன. பாடம், வகுப்பு, நாடு என்று பிரித்துத் தேடலாம், கடைசி தேதி தெளிவாக இருக்கும். பல இடங்களிலிருந்து அறிவிப்புகளைத் திரட்டிப் போடும் பொதுத் தளங்களில் ஆள் எடுத்து முடித்த வேலைகூட வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கே அறிவிப்பைப் பார்த்தாலும் சரி, அந்தப் பள்ளியின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கே அந்த வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள். எனக்குப் பதில் வந்ததெல்லாம் அப்படி அனுப்பியவற்றுக்குத்தான்.

ரெஸ்யூம் பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது. ஆன்லைனில் கிடைத்த ஓர் அழகான டெம்ப்ளேட்டில், பக்கத்தை இடம் வலமாகப் பிரித்து இரண்டு பத்தியாக, படமும் பட்டைகளும் வைத்து முதலில் செய்தேன். அந்த பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது பத்தியும் வலது பத்தியும் வரிக்கு வரி கலந்து, என் பட்டப்படிப்புக்கு நடுவில் தொலைபேசி எண் வந்து நின்றது. விண்ணப்பங்களை மென்பொருள் வைத்துப் படிக்கும் இடங்களில் அதுவும் இப்படித்தான் படிக்க வாய்ப்பு அதிகம். தமிழில் ரெஸ்யூமோ லெசன் பிளானோ அனுப்புபவர்களுக்கு இன்னும் ஒரு ஆபத்து இருக்கிறது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் ஒற்றைப் பத்தியில் போடுங்கள், அனுப்பும் முன் ஒருமுறை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

மூன்றாவது மாதம் ஒரு மோசடியில் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். வெளிநாட்டுப் பள்ளி என்று சொல்லி மின்னஞ்சல் வந்தது. இருபது நிமிடம் எழுத்து வழியாகவே பேசினார்கள், குரல் இல்லை, முகம் இல்லை, டெமோ கிளாஸும் இல்லை. மறுநாளே முத்திரை, கையெழுத்தோடு நியமனக் கடிதம் வந்துவிட்டது. படித்ததும் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்து ஆவணச் சரிபார்ப்புக்கு என்று பணம் கேட்டார்கள். அப்போதுதான் மின்னஞ்சல் முகவரியைக் கவனித்தேன், பள்ளியின் பெயரிலான முகவரியே இல்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய கணக்கு. பள்ளியின் சொந்தத் தளத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன், அப்படி ஒரு காலியிடமே இல்லை என்றார்கள். நாம் பாடம் நடத்துவதைப் பார்க்காமலே வேலை கொடுக்கும் பள்ளி எதையும் நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே கைகொடுத்த பக்கத்துக்கு வருகிறேன்.

ஃபெட் என்ற தளம் இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், சில தமிழிலும் இருக்கின்றன. எனக்கு வந்த டெமோ கிளாஸ் ஆன்லைனில், எட்டுப் பிள்ளைகள், தலைப்பு மின்சுற்று. ஃபெட் திரையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு சுவிட்ச் வைத்து இணைத்துவிட்டு, சுவிட்சைப் போடும் முன் கேட்டேன்: "பல்புக்கு முன்னால் ஓடும் கரண்டும், பல்பைத் தாண்டி ஓடும் கரண்டும் ஒரே அளவா, குறையுமா?" ஆறு பேர் குறையும் என்றார்கள். எந்த வகுப்பிலும் இதே பதில்தான் வரும், பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது என்றுதான் பிள்ளைகள் மனதில் இருக்கும். சுவிட்சைப் போட்டேன். நீலப் புள்ளிகளாக எலெக்ட்ரான்கள் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நகர்ந்தன. இரண்டு பக்கமும் அம்மீட்டர் வைத்தேன், ஒரே எண். அப்போது ஒரு பெண் கேட்டாள்: "அப்போ பல்பு எதைத்தான் மிஸ் எடுத்துக்குது?" அந்தக் கேள்விக்காகத்தான் அந்த வகுப்பே. ஆற்றல் என்ற சொல்லை அதுவரை நான் சொல்லவே இல்லை, அந்த இடத்தில்தான் சொன்னேன். பல்பைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்தால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டான், இணைத்துக் காட்டினேன், திரையில் பேட்டரி தீப்பிடித்தது. ஆய்வகத்தில் நான் செய்து காட்ட முடியாத விஷயம்.

வகுப்பு முடிந்ததும் தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: இணையம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? அந்தச் சோதனையைக் கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் ஓட்டலாம், நான் அப்படித்தான் வைத்திருந்தேன், அங்கேயே இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டிக் காட்டினேன். வேலை அந்தப் பள்ளியில்தான் கிடைத்தது. ஐந்துக்கு ஐந்து.

கணக்கு ஆசிரியர்களுக்கு, வரைபடமும் வடிவியலும் திரையில் வரைந்து பார்க்கும் ஜியோஜீப்ரா இதே அளவுக்கு உதவும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோயன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வாக 2001-ல் தொடங்கியது, இன்று மற்ற ஆசிரியர்கள் செய்து வைத்த பாடங்களே அங்கே குவிந்து கிடக்கின்றன. ஆங்கிலம் எடுப்பவர்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் டீச்சிங் இங்கிலீஷ் தளம். வேலை இடைவெளியை நிரப்பிக் காட்ட ஏதாவது படிக்க வேண்டும் என்றால் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி நடத்தும் ஓப்பன்லேர்னைச் சொல்வேன், படிப்பும் இலவசம், முடித்ததற்கான சான்றும் இலவசம். கோர்செரா, எட்எக்ஸ் இரண்டிலும் நல்ல படிப்புகள் உண்டு, ஆனால் சான்றிதழ் வேண்டும் என்றால் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். சேரும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஆசிரியர்கள் தங்கள் பாடங்களை இலவசமாகப் பகிரும் ஓஇஆர் காமன்ஸ் மாதிரித் தளங்களில் எடுக்கும் பாடங்களில் உரிமக் குறியைப் பாருங்கள். சிசி பை (கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் ஒரு வகை) என்றால் செய்தவர் பெயரைப் போட்டுவிட்டு மாற்றி எழுதியும் பயன்படுத்தலாம், என்சி என்று சேர்ந்திருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அடுத்தவர் லெசன் பிளானில் பெயரை மட்டும் மாற்றி நேர்காணலுக்குக் கொண்டுபோவது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், அதைவிட அது ஒரு ஆசிரியரின் உழைப்பு.

இன்னொன்று, எந்தத் தளத்தில் நீங்கள் பாடங்களைச் சேர்த்து வைத்தாலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். உலகம் முழுக்க ஆசிரியர்கள் பயன்படுத்திய எட்மோடோ என்ற வகுப்பறைத் தளம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. வருடக்கணக்கில் போட்டு வைத்ததை எடுத்துக்கொள்ள ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட நாட்கள்தான் இருந்தன.

டெலிகிராம், வாட்ஸ்அப் ஆசிரியர் குழுக்களில் நான் சேர்ந்தது ஏழு. நான்கில் காலை வணக்கப் படங்களும் மோசடி இணைப்புகளும்தான், வெளியே வந்துவிட்டேன். ஒன்று மட்டும் சின்னக் குழு, அறிவியல் எடுக்கும் முப்பது முப்பத்தைந்து பேர், வகுப்பில் சிக்கிய இடத்தைக் கேட்டால் யாராவது அன்றிரவே பதில் போடுவார்கள். டெமோவுக்கு முந்தைய நாள் என் திட்டத்தை அங்கே போட்டேன். நான் முதல் ஐந்து நிமிடம் விளக்கம் வைத்திருந்தேன், அதைத் தூக்கிவிட்டுக் கேள்வியோடு தொடங்குங்கள் அக்கா என்று ஒரு இளம் ஆசிரியர் சொன்னார். அப்படித்தான் செய்தேன். பிள்ளைகளின் பெயர், படம் எதையும் போடக் கூடாது என்பது அந்தக் குழுவின் கண்டிப்பான விதி, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

வேலையில் சேர்ந்த அன்று எல்லா அறிவிப்பு மின்னஞ்சல்களையும் நிறுத்திவிட்டேன். அந்தக் குழுவில் மட்டும் இன்னும் இருக்கிறேன். நேற்று இரவு ஒருவர் நாளை ஒளிவிலகலுக்கு டெமோ, எப்படித் தொடங்கலாம் என்று கேட்டிருந்தார், ஒரு டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டு, எதுவும் சொல்லாமல் ஒரு நிமிடம் பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.