மலையில் கிடந்த ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை விற்று பி.சி.பி. வாங்கலாமா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் கைமாறும் ஏர் ரைஃபிள்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றிச் சுடும் .177 (குழலின் விட்டம் அங்குலத்தில்; அதாவது 4.5 மி.மீ.). நேஷனல் 35 போல வயதான உருப்படிகளும் உண்டு, பிரிசிஹோல் என்ற உள்நாட்டு நிறுவனம் வந்தபிறகு வாங்கிய புதியவையும் உண்டு. இந்த ரகத்தை விற்று, சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்துச் சுடும் பி.சி.பி.க்கு மாறலாமா என்பதுதான் இங்கே எடைபோடும் விஷயம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பில் இருந்து, காற்றை அழுத்தும் பிஸ்டனின் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்) பிடித்து, துரு இல்லாமல் இருந்தால் விற்கலாம். அந்த மூன்றில் ஒன்று இடித்தாலும், வருகிற பணம் புதிய ரைஃபிளுக்குக் காற்றடைக்கும் பம்புக்குக்கூடக் காணாது.

பில்லை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. குழலின் விட்டம் 4.5 மி.மீ.யைத் தாண்டாமலும் ரவை (பெல்லட்) வெளியேறும்போதுள்ள ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருக்கும் வரைதான் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். வாங்குகிறவருக்கு இதற்கான ஆதாரம் பில்லும் அதிலுள்ள மாடல் பெயரும்தான். .22 ஏர் ரைஃபிள் இந்த வரம்புக்குள் வராது; உரிமம் இல்லாமல் அதைக் கைமாற்றவும் கூடாது, ‘அடுத்த படி’ என்று வாங்கவும் கூடாது. கனமான ஸ்பிரிங் போட்டு ‘டியூன்’ செய்த ரைஃபிள் என்று பெருமையாக விளம்பரம் எழுதுகிறவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள். கணக்கு எளிது. 8.44 கிரெய்ன் பெல்லட்டின் எடை 0.547 கிராம். அது நொடிக்கு 200 மீட்டரில் போனால் ஏறக்குறைய 11 ஜூல், 240 மீட்டரில் 15.8 ஜூல். 270 மீட்டரை எட்டினால் 20 ஜூலைத் தொட்டுவிடும். இலேசான பெல்லட்டில் வேகம் கூடித் தெரியும். ஆகவே எந்தப் பெல்லட் என்று சொல்லாத வேகக் கணக்குக்கு மதிப்பே இல்லை.

இனி ரைஃபிளைப் பார்ப்போம். மலையில் இதற்கு முதல் எதிரி ஈரம். அதுவும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சுவரெல்லாம் கசியும். எந்த ஊர் ரைஃபிள், எந்த மாதத்தில் எங்கே கிடந்தது என்று கேட்கும் வாங்குநர் விவரமானவர். ரெக்சின் உறைக்குள்ளோ பஞ்சு வைத்த பெட்டிக்குள்ளோ மூடியே வைத்ததென்றால் வெளியே பளபளக்கும், கட்டைக்குள் (ரைஃபிளைத் தாங்கும் மரப்பிடிக்குள்) துரு உட்கார்ந்திருக்கும். எனவே விற்பதற்குமுன் கட்டையைக் கழற்றுங்கள். முன்பக்கம் இரண்டு திருகு, டிரிக்கர் கார்டில் ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். பிஸ்டன் ஓடும் கம்ப்ரஷன் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் வைத்தால் சொரசொரப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். மேலோட்டமான துருவை எண்ணெய் தொட்ட 0000 என்ற மிக மெல்லிய எஃகு நாரால் மெதுவாக எடுத்துவிடலாம். குழி விழுந்த துருவை மறைக்கப் பெயின்ட் அடிக்க வேண்டாம். படம் எடுத்து அப்படியே காட்டுங்கள். பெயின்டுக்குக் கீழே கண்டுபிடிக்கப்படும் குழி, படத்தில் காட்டிய குழியைவிட இரண்டு மடங்கு விலையைக் குறைக்கும்.

கட்டையைத் திரும்பப் பூட்டும்போது திருகுகளில் திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும். மழைக்காலத்தில் மரம் ஊதும், பிப்ரவரி வெயிலில் சுருங்கும்; அப்போது திருகு தளர்ந்து ரவை கண்டபடி விழும். “பேரல் போச்சு” என்று அடிமாட்டு விலைக்குப் போன ரைஃபிள்கள் சிலவற்றில் உண்மையில் போனது திருகின் இறுக்கம் மட்டுமே.

அடுத்து சீல்கள். இரண்டு இடம். பேரல் மடங்கும் வாயில் உள்ள பிரீச் சீல் சிறிய வளையம். விலையும் அற்பம், மாற்றுவதும் ஐந்து நிமிட வேலை. அது பிடிக்கிறதா என்று பார்க்க, பிரீச்சின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வைத்து, உள்ளே பெல்லட்டோடு, பாதுகாப்பான மண் தடுப்பை நோக்கிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. பிஸ்டன் சீல்தான் பெரிய வேலை. பழையவற்றில் தோல் வாஷர் இருக்கும். பல மாதம் சுடாமல் கிடந்தால் காய்ந்து சுருங்கியிருக்கும். துப்பாக்கியை நிமிர்த்தி, ஸ்பிரிங் ஏறும் அளவுக்கு மடக்காமல் பேரலை லேசாகத் திறந்து, காற்று வரும் துளையில் தோலுக்குப் போடும் நீட்ஸ்ஃபூட் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு ஓரிரவு நிற்க வைத்தால் தோல் மீண்டும் பிடிக்கும். செயற்கை சீலுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். எதற்குமே தையல் மெஷின் எண்ணெய் விடக் கூடாது. கம்ப்ரஷன் சூட்டில் அது பற்றிக்கொண்டு ‘டமார்’ என்று வெடித்துப் புகை வரும். சீலும் கெடும், ஸ்பிரிங்கும் கெடும்.

இதில் ஒரு தந்திரமும் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் பற்றும்போது வேகம் கூடும். விற்பதற்குச் சற்று முன் எண்ணெய் விட்டு, வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் கூடுதல் எண்ணைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் உண்டு. வாங்குகிறவர் பத்து ரவையையும் வரிசையாகக் கேட்க வேண்டும். முதல் நான்கு உயரமாக இருந்து பிறகு படிப்படியாக இறங்கினால் அது எண்ணெயின் வேலை. விற்கிறவர் நேர்மையானவர் என்றால் முதல் ஐந்தை ஒதுக்கிவிட்டு அடுத்த பத்தை, பெல்லட்டின் பெயரோடும் எடையோடும், ஊரின் பெயரோடும் எழுதித் தருவார். பத்துக்குள் மிகக் கூடுதலுக்கும் மிகக் குறைவுக்கும் நொடிக்கு 5, 6 மீட்டர் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு நல்ல ஆரோக்கியம். 15ஐத் தாண்டினால் சீலோ ஸ்பிரிங்கோ மாற்ற வேண்டியதுதான்.

ஊரின் பெயர் எதற்கு? ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். ஸ்பிரிங் ரைஃபிளின் பிஸ்டன் தன் முன்னே உள்ள காற்றைத்தான் அழுத்துகிறது. காற்று குறைந்தால் தள்ளுவதும் குறையும், பிஸ்டனுக்கு மெத்தையும் குறையும். அதனால் அதே ரைஃபிளைக் கோவையில் அளந்தால் பெரும்பாலும் வேகம் கூடியே வரும். ஊட்டியில் எடுத்த எண்ணைப் பார்த்து ‘ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது’ என்று கீழிருந்து வருகிறவர் விலையைக் குறைத்தால் இதைச் சொல்லலாம். ஆனால் மெத்தை குறைவதன் மறுபக்கமும் உண்டு: மேலே அதிகம் சுடப்பட்ட ரைஃபிளில் சீலின் முகப்பு சீக்கிரம் நசுங்கும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்ட பழக்கமும் சேர்ந்தால் ஸ்பிரிங் உடையும். ஏற்றும்போது ‘கரகர’ என்று கேட்டால் அதுவே அடையாளம். ஸ்பிரிங்கைக் கழற்றிச் சோதிக்க அமுக்கும் கருவி இல்லாமல் முயலக் கூடாது. அது அழுத்தத்தோடு உள்ளே நிற்கிறது. விட்டால் முகத்தைத்தான் தேடி வரும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு தள்ளும் கேஸ் பிஸ்டன் மாடல் என்றால் இன்னொரு கணக்கு. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் குளிருக்கு ஏற்ப இறங்கும்: 30 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு வந்தால் சுமார் ஏழு சதவீதம். ஜனவரி காலையில் அளந்து விற்க வேண்டாம்; மதியம் அளக்கலாம். வாயு உண்மையிலேயே போயிருந்தால் வீட்டில் நிரப்ப முடியாது, முழு உருப்படியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

டெலஸ்கோப்பைச் சேர்த்து விற்பதில் பெரிய லாபம் இல்லை. ஸ்பிரிங் ரைஃபிளின் உதை முன்னும் பின்னுமாக இரு திசையிலும் வரும். சாதாரண ஸ்கோப்பை அது உள்ளே உடைத்திருக்கும். நல்லதாக இருந்தால் கழற்றி பி.சி.பி.க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். சீலும் பில்லும் சரியாக இருந்தால் அதே மாடலின் இன்றைய புது விலையில் பாதியிலிருந்து தொடங்கலாம். நீங்கள் வாங்கிய பழைய விலையில் பாதி அல்ல. துருக்குழி இருந்தால் மூன்றில் ஒன்று. “அண்ணே, கடைசி விலை சொல்லுங்க” என்று படம்கூடக் கேட்காமல் தொடங்குகிறவர் வாங்கப்போவதில்லை. பேச்சிலேயே குரங்கையும் மயிலையும் கொண்டுவருகிறவருக்கு விற்கவே கூடாது. தோட்டத்துக் கேரட்டைக் காக்க என்றாலும் காட்டுயிரைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரைஃபிள் யாரிடமிருந்து வந்தது என்று விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும்.

இந்தப் பணத்தில் எதை வாங்குவது? பி.சி.பி.யின் விலையை மட்டும் பார்க்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிரிசிஹோல் பி.எக்ஸ்.100 அக்கிலீஸ் போல உள்நாட்டிலேயே தயாராகும் .177 உண்டு, உதை இல்லை, எப்படிப் பிடித்தாலும் ரவை ஒரே இடத்தில் விழும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் காற்றை எங்கே அடைப்பது? மலையில் ஸ்கூபா சிலிண்டர் நிரப்பும் கடை கிடையாது. கைப்பம்பு கட்டாயம். அந்தப் பம்பும் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. கீழே 80 அடியில் ஏறும் அழுத்தத்துக்கு ஊட்டியில் 100 அடி அடிக்க வேண்டும். பம்ப் சூடேறினால் அதன் சீல் கெடும், ஆகவே 40, 50 அடிக்கு ஒருமுறை நிறுத்தி, வால்வைத் திறந்து ஈரத்தை வெளியேற்றிவிட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டுத் தொடர வேண்டும். ஒரு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவுதானே என்பார்கள். உண்மைதான், 15 டிகிரியில் முழுக்க ஈரமான காற்றில்கூடக் கனமீட்டருக்கு 13 கிராம்தான் இருக்கும், சென்னைக் காற்றில் அதைவிட அதிகம். ஆனால் 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தும்போது எந்த ஊர்க் காற்றானாலும் அதில் ஏறத்தாழ எல்லா நீரும் சொட்டுச் சொட்டாக உள்ளே நின்றுவிடும். எஃகுச் சிலிண்டர் என்றால் உள்ளே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. சிலிக்கா ஜெல் வடிகட்டி உள்ள பம்ப் வாங்குங்கள். மணிகளின் நிறம் மாறியதும் 120 டிகிரி அவனில் உலர்த்துங்கள். மூடுபனி இறங்கிய மாலையில் பம்ப் அடிக்காமல் வெயில் உள்ள மதியம் அடியுங்கள். ஓரிங்குகளுக்கு (காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களுக்கு) சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் உயரழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அது எரிபொருள். இதில் விளையாட்டே கூடாது.

புதிதாக வாங்கியவர்கள் பதறும் ஒன்று: மதியம் 24 டிகிரியில் 200 பார் வைத்தது, காலை 8 டிகிரியில் 190க்குக் கீழே காட்டும். கசிவு இல்லை, குளிர். கசிகிறதா என்று பார்க்க அதே மதிய நேரத்தில் மறுநாள் பாருங்கள்.

ஆகவே வீட்டுப் பின்புறம் 10 மீட்டரில் அட்டைக்குச் சுடுகிறவர் விற்கத் தேவையே இல்லை. புதிய சீலும் ஸ்பிரிங்கும் போட்டு, பெல்லட் டப்பா மூன்று ரகம் வாங்கிச் சோதித்தால், பி.சி.பி. தருவதில் பெரும்பகுதி அந்தச் செலவிலேயே கிடைத்துவிடும். 25 மீட்டருக்கு மேல் கணக்காகச் சுட விரும்புகிறவருக்கோ, மடக்கி ஏற்றத் தோள் ஒத்துழைக்காதவருக்கோ மாறுவதில் அர்த்தம் உண்டு.

கைமாற்றுவது நேரில்தான். கூரியர்க்காரர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பொது விற்பனைத் தளங்கள் பலவும் விளம்பரத்தையே நீக்கிவிடும். வாங்குகிறவரின் அடையாள அட்டை நகல், பில்லின் நகல், மாடலும் தொடர் எண்ணும் தேதியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் என மூன்றும் இரண்டு படி. வயது குறைந்தவருக்கு வேண்டாம். முன்னால் சுட்டுக்காட்டும்போது, பேரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் பெல்லட் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். தேய்ந்த கொக்கி நழுவினால் பேரல் மூடும் வேகத்தில் விரல் போய்விடும்.

வண்டியில் ஸ்பிரிங் ஏற்றாமல், பெல்லட் தனியாக, உறைக்குள். வாங்குகிறவர் மைசூர்க்காரர் என்றால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மசினகுடி, தெப்பக்காடு வழியாகப் போகச் சொல்லாதீர்கள். முதுமலைச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழையக் கூடாது. சுற்றானாலும் குன்னூர், மேட்டுப்பாளையம் பாதையில் கோவையில் இறங்கி, சத்தியமங்கலம் சரணாலயத்தையும் தவிர்த்து, சேலம் வழியாகப் போகட்டும். கோவையிலேயே வைத்துக்கொள்கிறவரிடம் ஒன்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்: மேலே வைத்த குறி கீழே நிற்காது. ஸ்பிரிங்கின் வேகமும் கூடும், தடிமனான காற்றின் தடையும் கூடும். 50 மீட்டரில் காற்றின் தடையால் மட்டுமே ஒரு சென்டிமீட்டர் வாக்கில் மாறும். முதல் இருபது பெல்லட்டைக் குறிவைப்பைத் திருத்தவே ஒதுக்கட்டும், பிறகு போன் போட்டுச் சண்டைக்கு வரட்டும்.