ஒட்டு மாங்கன்று வாங்கப் போகிறீர்களா? 7,050 ரூபாய் விட்டவள் சொல்கிறேன்

நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மூன்று ஒட்டு மாங்கன்று, ஒன்று 2,200. பார்சலுக்கு 450. ஆக 7,050 ரூபாய். வந்த மூன்றும் கொட்டை போட்டு முளைத்த கன்றுகள். நல்ல மரத்துக் குச்சியை இன்னொரு கன்றின் தண்டில் சேர்த்துக் கட்டுகிற ஒட்டே கிடையாது.

எங்கள் கொல்லையில் மூன்று சென்ட் இடம் கோரை மண்டிக் கிடந்தது. கோரையை மேலோடு பிடுங்கினால் பத்து நாளில் திரும்ப வந்து நிற்கும். அதனால் இரண்டு மாதம் உட்கார்ந்து கிழங்கு கிழங்காகத் தோண்டி எடுத்தேன். பழைய செங்கல்லைப் பாவி நடக்க வழி போட்டேன். மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு ஆறவிட்டு, ஆடி பிறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

விற்றது கடை அல்ல, சமூக வலைதளத்தில் நர்சரி என்று பக்கம் வைத்திருக்கிறவர்கள். வீடியோ காலில் காய் தொங்கும் மரத்தைக் காட்டி, "இதுதான் தாய் மரம், இதுலேர்ந்துதான் குச்சி எடுக்கிறோம்" என்றான் அந்தப் பையன். கொல்லையில் வெயில் எந்தப் பக்கம் விழும், தண்ணீர் உப்பா என்றெல்லாம் கேட்டான். "முதல் ரெண்டு வருஷம் பூ வந்தா கிள்ளி விட்டுடுங்க அக்கா, மரம் தேறட்டும்" என்றான். அங்கேதான் விழுந்தேன். ஏமாற்றுகிறவன் பூவைக் கிள்ளச் சொல்வானா? உடனே ஜிபேயில் போட்டுவிட்டேன், முழுப் பணத்தையும். இரண்டு இமாம்பசந்த், ஒரு பங்கனப்பள்ளி.

நட்டு ஒரு மாதம் ஆனதும், ஒட்டு என்று தண்டில் சுற்றியிருந்த டேப்புக்குக் கீழே துளிர் வந்தது. ஒட்டுக்குக் கீழே வருவது வேர்ச்செடியின், அதாவது குச்சியைத் தாங்குகிற அடிக்கன்றின் துளிர், அதைக் கிள்ளிவிட வேண்டும். ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க டேப்பைப் பிரித்தேன். சரியான ஒட்டில் சாய்வான தழும்பு இருக்கும், அந்த இடம் கொஞ்சம் புடைத்திருக்கும். இதில் தண்டு வழவழவென்று அடியிலிருந்து நுனி வரை ஒரே தண்டாக இருந்தது. ஒன்றில் மட்டும் பிளேடால் கீறின ஒரு கோடு, நகம் பட்ட மாதிரி. பக்கத்து வீட்டுத் தாத்தா கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கொட்டைக் கன்னும்மா இது. கட்டு மட்டும் போட்டிருக்கான்" என்றார்.

இமாம்பசந்த் கொட்டையில் முளைப்பது இமாம்பசந்தாக வராது. என்ன காய் வரும் என்று தெரியாமலே ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

போன் செய்தேன். "ஒட்டு நல்லா சேர்ந்துடுச்சு அக்கா, அதான் தழும்பு தெரியல." ஒரு மாதத்திலா? அப்புறம், "பெட்டி பிரிக்கிறப்ப வீடியோ எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. "ஓனர் ஊர்ல இல்ல, திங்கக்கிழமை பேசுவார்." திங்கட்கிழமை வேறொரு குரல், "அடுத்த ஆர்டர்ல பாதி விலை போட்டுத் தர்றோம் மேடம்" என்றது. அக்கா மேடம் ஆனது அன்றைக்குத்தான். 7,050 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். ரெண்டு நீல டிக், பதில் இல்லை. நேற்று பிளாக்.

ஒட்டுக் கன்று பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. கன்றை நேரில் பார்த்து வாங்குங்கள். டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். ஆன்லைனில்தான் என்றால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், முழுப் பணத்தை முன்னாலேயே போடாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கு 1930-க்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. என்னை மாதிரி திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. அவர்கள் அனுப்பிய பை மண்ணில் கோரைக் கிழங்கு இருந்திருக்கிறது. இன்று காலை பார்த்தால் மூன்று குழியிலும் கன்றைச் சுற்றி ஊசி ஊசியாக நிற்கிறது. களைக்கொத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.