பாங்காக் – சியாங் மாய் இரவு ரயில் (எண் 9): ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் பன்னிரண்டரை மணி நேரம். இருந்தாலும் முதல் முறை தாய்லாந்து போகிறவர்களுக்கு இந்த இரவு ரயிலைத்தான் தயங்காமல் சொல்லலாம். ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை மிச்சம், விடியும்போது வடக்கு மலைக்காடு ஜன்னலில். ரயிலுக்குள் குறை சொல்ல அதிகம் இல்லை. முதல் முறை போகிறவர்கள் தடுமாறுவது ரயிலுக்கு வெளியேதான். டிக்கெட் எடுக்கும்போது, ஸ்டேஷனைத் தேடும்போது, சாப்பாட்டை நம்பி ஏறும்போது. நம்ம ஊர் ரயில் பழக்கத்தையே அங்கேயும் எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் எந்த ரயில் என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இந்தத் தடத்தில் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட ரயில்கள் உண்டு. எண் 9 மாலை 6:40-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7:15-க்குச் சியாங் மாய் சேரும். இதில் மட்டும்தான் சீனாவில் செய்த புதிய பெட்டிகள் ஓடுகின்றன. 2016 கடைசியில் ஓட ஆரம்பித்தவை. எண் 13 இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்புகிறது, பழைய பெட்டிகள். எண் 51 இன்னும் தாமதமாகக் கிளம்பி மறுநாள் மதியத்தை ஒட்டித்தான் போய்ச் சேரும். முன்பதிவுத் தளத்தில் எல்லாமே ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். விலை கொஞ்சம் குறைவு என்று 13-ஐ எடுத்துவிட்டு, படங்களில் பார்த்த பெட்டி வரவில்லையே என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. திரும்பும் ரயில் எண் 10, சியாங் மாயில் மாலை 6 மணி.

டிக்கெட்டைத் தாய்லாந்து அரசு ரயில்வேயின் டி-டிக்கெட் தளத்திலேயே எடுக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட் எண் கொடுத்து, பெட்டியின் வரைபடத்தில் பெர்த்தைத் தொட்டுத் தேர்வு செய்து, கார்டில் பணம் கட்டினால் டிக்கெட் பி.டி.எஃப். கோப்பாக வந்துவிடும். போனில் காட்டினாலே போதும். இந்திய கார்டுகள் இங்கே அடிக்கடி மறுக்கப்படுகின்றன. வங்கிச் செயலியில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்து வைக்காதது முதல் காரணம். அதைச் சரி செய்தும் நடக்கவில்லை என்றால் 12கோ, பாவ்லாவ் மாதிரி இடைத்தரகுத் தளங்களில் கட்டணம் சேர்த்துக் கொடுத்து வாங்கலாம்.

அங்கே வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. எதுவும் கிடையாது. பெர்த் இருந்தால் டிக்கெட், இல்லாவிட்டால் இல்லை. தட்கல் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வாரம் வரை காத்திருப்பது இங்கே எடுபடாது. நவம்பரில் லோய் கிரதோங் விளக்குத் திருவிழா, டிசம்பர் கடைசி, ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு ஆகிய நாட்களை ஒட்டிய கீழ் பெர்த்துகள் எல்லாம் வெகு முன்பே தீர்ந்துவிடும்.

கீழ் பெர்த் சுமார் 1,040 பாட் (தாய்லாந்து நாணயம்), மேல் பெர்த் சுமார் 940 பாட். அந்த 100 பாட்டை மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டாம் வகுப்பில் நடைபாதைக்கு இருபுறமும் தண்டவாளத்தோடு நீளவாக்கில் படுக்கைகள். நம்ம ஊர் சைடு லோயர், சைடு அப்பரையே இரண்டு பக்கமும் வைத்தது போல. ஆனால் நம்ம சைடு லோயர் மாதிரி காலை மடக்க வேண்டாம், ஆறடி ஆள் நீட்டிப் படுக்கலாம். மேல் பெர்த்துக்கு ஜன்னல் கிடையாது, அகலமும் குறைவு. கூரை விளக்கு ராத்திரி முழுக்க எரியும், அதன் வெளிச்சம் திரைக்கு மேலாக மேல் பெர்த்துக்குள் வந்துவிடும். ஏ.சி. காற்றும் அங்கேதான் நேராக அடிக்கிறது. மேலே படுத்தே தீர வேண்டும் என்றால் கண் மறைப்புத் துணியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். கீழே படுப்பவர்களுக்கும் அவர்கள் தரும் போர்வை மெல்லியதுதான். ஒரு சால்வை இருந்தால் நல்லது.

முதல் வகுப்பு ஒரே ஒரு பெட்டி. இரண்டு பேருக்கு ஓர் அறை, உள்ளேயே கை கழுவும் தொட்டி, அந்தப் பெட்டிக்கு மட்டும் பொதுவான குளியலறை. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் அடுத்தடுத்த இரண்டு அறைகளை எடுத்து, நடுக்கதவைத் திறந்துவிடச் சொல்லலாம். கீழ் பெர்த் 1,650 பாட் அளவில். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பே தாராளம். பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டுமான இரண்டாம் வகுப்புப் பெட்டி ஒன்று உண்டு. தனியாகப் போகும் பெண்கள் பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏறிய பிறகு மாற்றிக்கொள்ள முடியாது.

இனி ஸ்டேஷன். பயணம் கெடுவது அதிகமாக இங்கேதான். பல தலைமுறைகளாக பாங்காக் ரயில் நிலையம் என்றால் ஹுவா லம்போங். 2023 ஜனவரி 19 முதல் வடக்கு, வடகிழக்கு, தெற்கு நீண்டதூர விரைவு ரயில்கள் பாங் சூவில் கட்டிய க்ருங் தேப் அபிவாட் என்ற புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன. ஹுவா லம்போங்கும் மூடப்படவில்லை, சில ரயில்கள் அங்கிருந்து இன்னும் ஓடுகின்றன. அதனால் டாக்சியில் ஏறி வெறுமனே 'ரயில்வே ஸ்டேஷன்' என்றால் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடக்கூடும். சாயங்கால நெரிசலில் அங்கிருந்து பாங் சூ போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விடும். டிக்கெட்டில் தாய் எழுத்தில் இருக்கும் நிலையப் பெயரை ஓட்டுநரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு: மெட்ரோவின் நீலத் தடத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் 'பாங் சூ'தான். புதிய பெயரைத் தேடிக்கொண்டு தாண்டிப் போய்விடாதீர்கள்.

சென்னையிலிருந்து போகும் விமானம் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறது என்பதையும் டிக்கெட்டில் பாருங்கள், பாங்காக்கில் இரண்டு. டான் முவாங் என்றால் வேலை சுலபம்: விமான நிலையத்திலிருந்து நடைமேம்பாலம் வழியாகவே சிவப்புத் தட ரயிலுக்குப் போய், நேராக க்ருங் தேப் அபிவாட்டில் இறங்கிவிடலாம். சுவர்ணபூமி என்றால் அடித்தளத்தில் ஏர்போர்ட் ரயில் லிங்க் பிடித்து மக்காசானில் இறங்கி, நடைபாலம் வழியாக பெட்சபுரி மெட்ரோவுக்கு வந்து, நீலத் தடத்தில் பாங் சூ. மாலை ஐந்து மணிக்கு மேல் பெரிய சூட்கேஸோடு இந்த மாற்றம் படுத்திவிடும், நாலரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதே அடித்தளத்தில் ரயில் லிங்க் நுழைவாயிலை ஒட்டி இருக்கும் பணமாற்றுக் கடைகளில், மேலே வருகைத் தளத்தில் இருக்கும் வங்கிக் கவுன்டர்களைவிட நல்ல விகிதம் கிடைக்கும். இந்திய ரூபாயைவிட டாலர் கொண்டுபோவது லாபம். ஏ.டி.எம்.மில் எடுத்தால் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள், சிறுசிறு தொகையாக எடுக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைகிற வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இது முழுக்க இலவசம். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் இதற்கே பணம் பறிக்கின்றன. கார்டு எண் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல, வெளியே வந்துவிடுங்கள்.

புதிய நிலையத்தில் நடைமேடைக்கு நேராகப் போய் உட்கார முடியாது. கீழ்க்கூடத்தில் காத்திருக்க வேண்டும். ரயில் எண்ணும் கேட் எண்ணும் திரையில் வரும், புறப்பட இருபது முப்பது நிமிடம் இருக்கும்போது டிக்கெட் பார்த்து மேலே விடுவார்கள். கூடம் பிரம்மாண்டம், கேட்டுகளுக்கு இடையே நடை அதிகம். சரியாக ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும். பேசிக்கொண்டிருந்தவர், பெட்டி இழுத்துக்கொண்டிருந்தவர், கடையில் காசு எண்ணிக்கொண்டிருந்தவர் என எல்லோரும் இருந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள். அந்த நேரம் கேட்டைத் தேடி ஓடுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

சாப்பாட்டை ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொண்டு ஏறுவது உத்தமம். வண்டியில் உணவுப் பெட்டி உண்டு, மெனு அட்டையோடு வந்து ஆர்டரும் எடுப்பார்கள். ஆனால் வெளியில் கிடைப்பதைவிட விலை அதிகம், ருசி சுமார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீ, காபி, வடை என்று யாராவது ஏறுவார்கள் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. 'காய்கறி மட்டும்' என்று சொல்லி வாங்கும் வதக்கலில்கூட மீன் சாஸும் சிப்பி சாஸும் இருக்கும். அங்கே சமையலில் அவை உப்புக்குப் பதில், யாரும் அசைவமாகவே நினைப்பதில்லை. கேட்க வேண்டிய வார்த்தை 'ஜே'. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தோடு அந்த அடையாளம் பொட்டலங்களிலும் கடைகளிலும் இருக்கும். அதில் முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் சேராது. நிலையத்துக் கடைகளில் வாழைப்பழம், ரொட்டி, ஜே பொட்டலம் என்று வாங்கி வைத்துக்கொண்டால் ராத்திரி பட்டினி இல்லை. மதுபானம் 2014 முதல் ரயிலிலும் நிலையத்திலும் தடை, பையில் எடுத்துப் போவதும் வம்பு.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அட்டெண்டன்ட் படுக்கை விரிக்க வருவார். இந்த ரயிலின் தரம் தெரிவது அங்கேதான். எதிரெதிர் இருக்கைகள் இரண்டையும் இழுத்து ஒன்றாக்கி, சாவி போட்டு மேல் பெர்த்தை இறக்கி, மெத்தையை உருட்டி விரித்து, சுத்தமான விரிப்பைச் சுருக்கமில்லாமல் செருகி, தலையணை உறை மாட்டி, பிளாஸ்டிக் உறையில் மூடிய போர்வையை மேலே வைத்து, திரையைக் கொக்கிகளில் தொங்கவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார். எல்லாம் சில நிமிட வேலை. மேல் பெர்த்காரர் சீக்கிரம் படுக்க விரும்பினால் கீழே இருப்பவரும் எழுந்து இடம் கொடுக்க வேண்டிவரும். அதனால் சாப்பாட்டை முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகளுக்கு இருக்கைகளுக்கு இடையே தட்டுகள் உண்டு. பாஸ்போர்ட், பணப் பையை மட்டும் தலையணைக்கு அடியில் வையுங்கள். போனுக்கு பிளக் பாயின்ட் இருக்கிறது. இரண்டு பின் சார்ஜர் நேராக நுழையும். நம்ம மூன்று பின் லேப்டாப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். கழிப்பறை நன்றாகவே இருக்கும், விடிகாலையில் வரிசை நிற்கும். ஐந்தரைக்கு முன் எழுந்தால் நிம்மதி.

அப்படி எழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லம்பாங் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறும். உச்சியில் குன் தான் சுரங்கம், 1,352 மீட்டர். 1907-இல் ஜெர்மன் பொறியாளரின் பொறுப்பில் தொடங்கி, 1918-இல்தான் முடிந்தது. அதைத் தாண்டி இறங்கும் வழியில் தா சோம்பூ வெள்ளைப் பாலம், சுற்றிலும் வயல், மேலே பனிமூட்டம். டிசம்பர், ஜனவரியில் விடிய நேரமாவதால் சுரங்கப் பக்கம் இருட்டாகவே போய்விடும். மற்ற மாதங்களில் நன்றாகத் தெரியும். திரும்பும் ரயிலில் இந்தப் பகுதி அந்தியிலேயே கடந்துவிடுவதால், ஒரு பக்கம்தான் ரயில் என்றால் போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதம் சகஜம். வடக்கே நெடுந்தூரம் ஒற்றைத் தண்டவாளம், எதிர் ரயிலுக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். அரை மணி, ஒரு மணி நேரத் தாமதத்தைக் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மழையில் மலைப் பகுதியில் மண் சரிந்தால் பாதையே அடைபடுவதும் உண்டு. பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரிக்கும் புகை சியாங் மாயை மூடிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை அருமையான காலம், கூட்டமும் அதற்கேற்ப.

சியாங் மாய் நிலையம் பழைய நகரத்துக்குக் கிழக்கே, தா பே வாசலிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில். வெளியே சிவப்பு சொங்தாவ் வண்டிகள் நிற்கும். நம்ம ஷேர் ஆட்டோ கணக்கில் ஆள் சேர்ந்ததும் கிளம்பும். நகரத்துக்குள் வழக்கமான கட்டணம் 30 பாட், நிலையத்து வாசலில் அதைவிடக் கூடக் கேட்பார்கள். ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிராப், போல்ட் டாக்சி செயலிகளும் வேலை செய்யும். ஓட்டலில் அறை மதியம்தான் கிடைக்கும். காலையிலேயே பையை வைத்துக்கொள்ள அனுமதிப்பார்களா என்று முன்பே எழுதிக் கேட்டு வையுங்கள்.

திரும்பும் எண் 10 பாங்காக்கை அடையும் நேரம் காலை 6:50. அன்றே சென்னை விமானம் என்றால் மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கிளம்பும் எதையும் பதிவு செய்யாதீர்கள்.